ஐந்து சரிங்க

அவன் ஒரு பாட்டிலிருந்து இன்னொரு பாட்டுக்குப் போவதை யாரும் கேட்டதில்லை. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்த எனக்குக்கூடப் பிடிபட்டதில்லை. பழைய பாட்டு எங்கே போயிற்று என்று யோசிக்கும்போது புதுப் பாட்டு வந்து இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

பெயர் வேண்டாம். அவனுக்கு இப்போது குடும்பம் இருக்கலாம், எனக்கு இருக்கிறது. 'அவன்' என்று எழுதுவதுகூட இந்தக் காகிதத்தில்தான், நேரில் கடைசி நாள்வரை 'நீங்க'தான். எங்கள் ஊரில் பிடித்தவனை 'நீ' என்று கூப்பிட இரண்டு வருடம் ஆகும். நாங்கள் பழகியதே இரண்டு வருடம்தான்.

கணபதிப் பக்கம் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் நான் டிராயிங் பிரிவில் இருந்தேன், அவன் டெஸ்டிங்கில். இரண்டு மோட்டார்கள் ஒரே வேகத்தில் ஓடுவதாக நாமெல்லாம் நினைத்துக்கொண்டிருப்போம். ஒன்று இம்மி மெதுவாக ஓடினாலும் இரண்டின் இரைச்சலும் சேர்ந்து ஏறி இறங்கும். அவன் அந்த ஏற்ற இறக்கத்தை விரல்விட்டு எண்ணி, எது எவ்வளவு பின்தங்குகிறது என்று சொல்லிவிட்டுத்தான் மீட்டரை எடுப்பான். மீட்டரும் பெரும்பாலும் அதையே சொல்லும். அவன் வீடு கருமத்தம்பட்டியில், சுவருக்கு அந்தப் பக்கம் தறிக்கூடம். சின்ன வயதில் படுத்தபடியே எல்லாத் தறிகளும் ஒரே நேரத்தில் அடிக்கும் ஒரு கணம் வருமா என்று காத்துக்கிடப்பானாம்.

"வந்துச்சுங்களா?" என்று கேட்டேன்.

"ஒருக்கா வந்துச்சுங்க அம்மணி. கரண்ட் போயிருச்சு, எல்லாம் ஒண்ணா நின்னுச்சு."

இதைச் சிரிக்காமல் சொன்னான்.

வாரத்தில் ஆறு நாள் பம்ப், ஞாயிற்றுக்கிழமை மட்டும் டீஜே. டீஜே என்றால் கல்யாண ரிசப்ஷனில் குத்துப் பாட்டு போடுகிறவர் என்றுதான் எங்கள் ஆபீசில் நினைப்பு. இவன் வாசித்தது டீப் ஹவுஸ். வார்த்தை அதிகமில்லாமல், நிமிடத்துக்கு நூற்றிருபது அடி என்ற கணக்கில், மத்தியான வெயிலில் கிணற்றடி மோட்டார் ஓடுவதுபோலச் சீராகப் போய்க்கொண்டே இருக்கும் இசை. ஆனைகட்டி ரோட்டில் மாந்தோப்புக்குள் ஓர் உணவகம் இருந்தது. அங்கே ஞாயிறு பன்னிரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை அவன்தான். சாப்பிட வருகிறவர்கள் அவனைக் கவனிக்க மாட்டார்கள். அது அவனுக்குச் சௌகரியமாக இருந்தது.

லேப்டாப்பில் ஒரு வட்டம் வைத்திருப்பான். கடிகாரம் மாதிரி ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண்கள், அதிலேயே உள்வட்டம் ஒன்று, வெளிவட்டம் ஒன்று. ஒவ்வொரு பாட்டின் சுருதிக்கும் அதில் ஓர் இடம் உண்டு. எட்டில் ஒரு பாட்டு ஓடினால் அடுத்தது எட்டாகவே இருக்கலாம், ஏழுக்கோ ஒன்பதுக்கோ நகரலாம், அல்லது அதே எட்டில் இன்னொரு வட்டத்துக்குப் போகலாம். வேறெங்கும் தாவினால், இரண்டு பாட்டும் சேர்ந்து ஓடும் அந்த ஒரு நிமிடத்தில் காது கூசும்.

"ஜாதகம் பாக்கற மாதிரிங்களா?" என்றேன்.

"அது பத்துப் பொருத்தமுங்க. இதுல நாலே எடந்தான்."

சுருதிக்கு அடுத்தது வேகம். நூற்றிருபதில் ஓடும் பாட்டும் நூற்றிருபத்திரண்டில் ஓடும் பாட்டும் சேர்ந்தால் கால் நிமிடத்தில் அடி பிசகிக் குதிரை ஓடுகிற சத்தம் வந்துவிடும். அதனால் வருகிற பாட்டை முதலில் ஹெட்ஃபோனில் தான் மட்டும் கேட்டு, வேகத்தைக் கொஞ்சம் இழுத்து, கருவியில் சுழலும் தட்டின் விளிம்பை மோதிரவிரலால் ஒரு தட்டு தட்டி, போய்க்கொண்டிருக்கும் பாட்டோடு அடிக்கு அடி சேர்த்துவைப்பான். பிறகுதான் அதை மற்றவர்கள் காதுக்கு விடுவான். அப்போதும் இரண்டு பாட்டின் பேஸையும், அதாவது அடியில் அதிரும் கனத்த ஒலியை, ஒன்றாக விடமாட்டான்.

"ரெண்டு பேஸ் ஒண்ணா நிக்கக் கூடாதுங்க. ஒண்ணு பேசறப்ப இன்னொண்ணு எறங்கிக்கணும்."

அவன் ஆளே அப்படித்தான். எதிராளி பேச ஆரம்பித்தால் இவன் குரல் இறங்கிவிடும். கேன்டீனில் மெதுவாகச் சாப்பிடுகிறவர் எதிரே உட்கார்ந்தால் இவனும் அரைமணி நேரம் சாப்பிடுவான். அக்கவுன்ட்ஸில் ஓர் அம்மா படபடவென்று பேசுவார், அவரிடம் இவனும் படபடவென்று பேசுவான். பாலக்காட்டிலிருந்து வார்ப்பு சப்ளை செய்கிறவர் வந்தால் பத்தாவது நிமிடத்தில் இவன் தமிழில் மலையாள இழுவை ஏறியிருக்கும். இவன் வீட்டில் பேசுவது கன்னடம். ஆனால் எங்களோடு பேசும்போது எங்களைவிட அதிகமாக 'ங்க' போடுவான். கிணத்துக்கடவில் பிறந்து வளர்ந்த என்னையே ஒருவர் "நீங்க மெட்ராஸ்ங்களா?" என்று கேட்டார், அவனை யாரும் கேட்டதில்லை.

எனக்கு ஒருநாள் சந்தேகம் வந்தது. தனியாக இருக்கும்போது இவன் எந்த வேகத்தில் நடப்பான்? பஸ் நிறுத்தத்தில் கூட்டத்துக்குப் பின்னால் நின்று பார்த்தேன். கம்பெனி கேட்டை விட்டு வெளியே வந்தான். முன்னால் ஒருவர் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார். இவன் அவருக்குப் பத்தடி பின்னால், அவர் கால் வைக்கிற கணக்கில் கால் வைத்து, ரயில்வே கேட் வரை போனான். நான் சிரித்துக்கொண்டே பஸ் ஏறினேன். டவுன்ஹால் வருவதற்குள் சிரிப்பு நின்றுவிட்டது.

இன்னொரு ஞாயிற்றுக்கிழமை. தோப்பில் ஒரு பிறந்தநாள். கேக்கோடு வந்திருந்த குடும்பத்தில் ஒருவர் எழுந்துவந்து, பெண் குழந்தைக்குப் பிடித்த சினிமாப் பாட்டு ஒன்றைச் சொல்லி, போட முடியுமா என்று கேட்டார். வேறு யாராவது என்றால் முடியாது என்பார்கள், அல்லது ஓடுவதை நிறுத்திவிட்டு அதைப் போட்டுவிடுவார்கள். இவன் "சரிங்க" என்றான். அந்தப் பாட்டின் வேகம் தொண்ணூற்றாறு, இங்கே ஓடிக்கொண்டிருந்தது நூற்றிருபத்தொன்று. சுருதியும் வட்டத்தில் ஏறக்குறைய நேர் எதிரே இருந்தது. ஒவ்வொரு பாட்டிலும் மூன்று நான்கு அடி குறைத்து, வட்டத்தில் ஒவ்வோர் எண்ணாக நகர்ந்து, நாற்பது நிமிடத்தில் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தான். சினிமாப் பாட்டு எப்போது தொடங்கியது என்று எனக்குத் தெரியவில்லை, அவ்வளவு அழகாக வந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். அவர்கள் கேக் வெட்டி, சாப்பிட்டு, கிளம்பிப் போயிருந்தார்கள். உணவகத்து ஆட்கள் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"போயிட்டாங்க," என்றேன்.

"சரிங்க," என்றான். பாட்டை முழுதாக ஓடவிட்டான்.

கம்பெனியில் இதற்கு வேறு பலன் இருந்தது. ஒருமுறை வாடிக்கையாளர் ஒருவர் பம்ப் இரைகிறது என்று சண்டைக்கு வந்தார். இவன் கேட்டுவிட்டு "ஆமாங்க, பேரிங் சத்தங்க" என்றான். மேனேஜர் வந்து இதெல்லாம் சகஜம், ஓட ஓட அடங்கிவிடும் என்றார். அவரிடமும் "ஆமாங்க" என்றான். இரண்டு பேரும் அவன் தங்கள் பக்கம் என்று நினைத்துக்கொண்டு போனார்கள். மறுநாள் யாரிடமும் சொல்லாமல் பேரிங்கை இவனே மாற்றி வைத்திருந்தான். வாயால் ஓர் 'இல்லை' சொல்வதற்குப் பதிலாக அரை நாள் வேலை செய்திருந்தான். அன்றைக்கு அதை நல்ல குணம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். பிடித்துப்போய்விட்டால் எல்லாமே நல்ல குணம்தான்.

இரண்டாம் வருடக் கடைசியில் வீட்டில் எனக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கினார்கள். நானே அப்பாவிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவன் வேண்டாம் என்றான். வேண்டாம் என்று அவன் வாயால் கேட்டது அந்த ஒரு முறைதான்.

"டக்குனு போட்டா உங்கப்பா எந்திரிச்சுப் போயிருவாருங்க. மெதுவாத்தான் கொண்டுபோகோணும். நான் வந்து பேசறேன்."

நான் அப்பாவிடம், கூட வேலை செய்கிற ஒருவர் உங்களைப் பார்க்க வருகிறார் என்று மட்டும் சொன்னேன். அதிலேயே அப்பாவுக்குப் பாதி புரிந்திருக்கும். அடுக்களையில் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே மீதியை என் வாயிலிருந்து வாங்கி, அன்றைக்கே அப்பாவிடம் ஒப்படைத்துவிட்டார்.

வெள்ளைச் சட்டை போட்டு, மாதுளம்பழப் பையோடு வந்தான். அப்பா தென்னந்தோப்பைச் சுற்றிக் காட்டக் கூட்டிப்போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அப்பா மெதுவாக நடப்பார், நாலு அடிக்கு ஒரு முறை நின்று மரத்தை அண்ணாந்து பார்ப்பார். அவனும் நின்றான், அவனும் அண்ணாந்து பார்த்தான். வெள்ளை ஈ விழுந்து ஓலையெல்லாம் கறுத்துப்போன கதையை அப்பா சொல்லச் சொல்ல, இவன் தலை அப்பாவின் தலை மாதிரியே பக்கவாட்டில் ஆடியது. திரும்பி வரும்போது இரண்டு பேரும் ஒரே மாதிரி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தார்கள். அம்மா என்னைப் பார்த்து, "நல்லாத்தான் ஒத்துப்போறாங்க" என்றார். எனக்கு நம்பிக்கை வந்தது.

முன்னறையில் உட்கார்ந்தார்கள். நான் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"இங்க பாருங்க தம்பி," என்று அப்பா ஆரம்பித்தார். "நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியுங்க."

"சரிங்க."

"உங்க மேல ஒரு கொறையும் சொல்றதுக்கில்ல. ஆனா எங்க ஆளுகளுக்குள்ள இது ஒத்துவராதுங்க."

"சரிங்க."

"நாளைக்கு நாலு சொந்தபந்தம், ஒறம்பரை மொகத்துல நான் முழிக்கோணும்."

"சரிங்க."

"புள்ளைக்கு ஒடுமலப் பக்கம் ஒரு எடம் வந்திருக்குது. முடிச்சுப்போடலாம்னு இருக்கறோம்."

"சரிங்க."

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சொன்னார்.

"அப்ப நீங்களே புள்ளகிட்டப் பக்குவமாச் சொல்லிப்போடுங்க. நீங்க சொன்னாக் கேட்டுக்கும்."

"சரிங்க."

வெளியூர்க்காரர்களுக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் சரிங்க என்றால் ஒத்துக்கொண்டேன் என்று அர்த்தமில்லை, காதில் விழுகிறது என்றுதான் அர்த்தம். போனில் ஒருவர் பேசும்போது இரண்டு வாக்கியத்துக்கு ஒரு சரிங்க போடாவிட்டால், லைனில் இருக்கீங்களா என்று கேட்பார்கள். மாடு செத்துப்போச்சுங்க என்று யாராவது சொன்னாலும் முதலில் வருவது சரிங்க, அப்புறம்தான் ஐயோ. ஒத்துக்கொண்டதற்கும் அதே சரிங்கதான். எது எந்தச் சரிங்க என்பது குரலில்தான் இருக்கிறது. நான் கதவுக்குப் பின்னால் நின்று ஐந்தையும் எண்ணினேன். முதல் மூன்றும் காதில் விழுகிற சரிங்க. நாலாவது எனக்குத் தெளிவாக இல்லை. ஐந்தாவதில் அவன் குரல் அப்பாவின் குரல் மாதிரியே இருந்தது.

காபி குடித்தான். "வாரேனுங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனான்.

பொழுது சாய்ந்ததும் அப்பா என்னைக் கூப்பிட்டார். "அந்தப் பையன் சரின்னுட்டான் கண்ணு. உனக்கும் சரிதானே?"

"சரிங்ப்பா," என்றேன். அவர் சொன்னது காதில் விழுந்தது என்ற பொருளில்தான் சொன்னேன். அவன் பேசி முடிக்காத விஷயத்தில் நான் ஏன் குறுக்கே பேச வேண்டும் என்று இருந்தது. இரண்டு பேஸ் ஒன்றாக நிற்கக் கூடாது என்று அவனிடம் படித்துவைத்திருந்தேன்.

அடுத்த ஞாயிறு நாலு மணிக்கு, அவன் ஒயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"அப்பா சொன்னதுக்கெல்லாம் சரிங்கன்னீங்களே?"

"கேட்டுட்டிருக்கேன்னு சொன்னேனுங்க. ஒத்துக்கிட்டேன்னா சொன்னேன்?"

"அப்ப எப்பச் சொல்லுவீங்க?"

"உங்கப்பா எட்டுல நிக்கறாருங்க அம்மணி. நாம ரெண்டுல இருக்கறோம். ஒவ்வொண்ணாத்தான் நகத்தோணும். இன்னும் அஞ்சாறு தடவ போயிட்டு வாரேன். பாருங்க, அவுருக்கே தெரியாம வந்திருவாரு."

"ஒடுமலைக்காரங்க வர்ற வாரம் வர்றாங்க."

"சரிங்க," என்றான்.

எனக்கு வந்த கோபத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. ஆனால் கத்தவில்லை. அவன் பேசுகிற அதே தணிந்த குரலில், "அப்ப இதோட விட்ரலாமுங்க" என்றேன். இல்லை என்று சொல்வான் என்றுதான் சொன்னேன். ஒயர் சுற்றுகிற கை நின்றது. என் முகத்தைப் பார்த்தான். என் குரலில் எதையோ தேடினான் என்று இப்போது தோன்றுகிறது, அங்கே அவனுடைய குரல்தான் இருந்தது.

"சரிங்க அம்மணி," என்றான்.

நான் தோப்பை விட்டு வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றேன். மூன்று பஸ்ஸை விட்டேன். நாலாவதில் ஏறினேன்.

அவன் கம்பெனியை விட்டதும் அவன் பாட்டு மாறுகிற மாதிரியேதான் நடந்தது. முதலில் வாரம் இரண்டு நாள் லீவு, பிறகு ஒரு மாதம் சைட் வேலை, ஒருநாள் அவன் மேஜையில் வேறொருவர் இருந்தார். எப்போது போனான் என்று டெஸ்டிங் பிரிவிலேயே யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. பெங்களூர் என்று ஒருவர் சொன்னார். உடுமலையில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. நல்ல மனிதர், குறை சொல்ல ஒன்றுமில்லை. முதல் வருடம் அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. பல்லுக்கு ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் இருக்குமே, அப்படி இருந்தது. அது இன்னும் முழுதாகப் போகவில்லை. கோபம் மட்டும் இருந்தது, அதுவும் அவன் ஒருவன் மேல்தான். வாயில்லாதவன் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே பதினோரு வருடம் சமைத்தேன், துவைத்தேன், ஆபீஸ் போனேன்.

போன மாதம் கிணத்துக்கடவுக்குப் போயிருந்தேன். சித்தப்பா மகள் தானே ஒருவனைப் பார்த்துக்கொண்டு, வீட்டில் மூன்று மாதம் சண்டை போட்டு, கடைசியில் எல்லோரும் கூடி நடத்திவைத்த கல்யாணம். பையன் வீட்டார் நாங்கள் பெயரே கேள்விப்படாத சாதி. அப்பா முன்வரிசையில் உட்கார்ந்து அட்சதை போட்டார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, காற்றாட உட்கார்ந்தார். நான் பழைய டிபன் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"அந்தக் கன்னடத்துப் பையன் எங்க இருக்கறான் கண்ணு?" என்றார்.

பதினோரு வருடத்தில் அப்பா அவனைப் பற்றிக் கேட்டது அதுதான் முதல் முறை. "தெரியலீங்ப்பா," என்றேன்.

"நல்ல பையன். ஒரு வார்த்த இல்லீங்கன்னு சொல்லுவான்னு பாத்தேன். அஞ்சு தடவ சொல்லிப் பாத்தேன். அஞ்சுக்கும் சரிங்கன்னான்."

அவரும் எண்ணியிருக்கிறார்.

"ஒடுமல எடம்னு சொன்னேன் பாரு, அன்னைக்கு அது முடிவாகல. பேச்சுத்தான் நடந்துட்டிருந்துச்சு. அதுக்காவது ஒரு வார்த்த வரும்னு சித்த நேரம் சும்மா இருந்தேன். அப்பறமும் சரிங்கன்னான். சரி, அவனுக்கு அவ்வளவுதான் போலன்னு நெனச்சேன். அதான் பொழுதோட உன்னக் கேட்டேன். நீயும் சரிங்ப்பான்னுட்ட."

கையில் இருந்த தட்டை அடுக்கில் வைத்தேன். அடுத்ததை எடுத்தேன்.

"நீ ஏதாச்சும் சொல்லுவேன்னு அவங்களுக்கு ஒரு வாரம் பதில் சொல்லாமத்தான் வெச்சிருந்தேன்," என்றார் அப்பா.

அந்த ஒரு வாரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்தேன். அவன் வந்து பேசுவான் என்று காத்திருந்தேன். இவர் நான் பேசுவேன் என்று காத்திருந்திருக்கிறார். அவன் எங்கோ ஒரு வீட்டில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தால் அதுவும் நியாயம்தான். அவன் மேல் வைத்திருந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. என் மேல் வைத்துப் பார்த்தேன், நிற்கவில்லை. அப்பா மேலும் நிற்கவில்லை, எழுபது வயது மனிதர் பனியனோடு உட்கார்ந்திருந்தார்.

"இல்லீங்ப்பா," என்றேன்.

"என்ன கண்ணு?"

"எனக்குச் சரியில்லீங்ப்பா. அன்னைக்கும் சரியில்ல. இப்பவும் சரியில்ல."

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. உள்ளேயிருந்து அம்மா என்ன என்று கேட்டார். அப்பா என்னைப் பார்க்காமல் தோப்புப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி கண்ணு," என்றார்.

அது எந்தச் சரி என்று நான் கேட்கவில்லை.